ஒரே பெஞ்சில் உட்கார்ந்த ஞாயிறு

கணவன், மனைவி இருவருமே தென்னிந்தியத் திருச்சபையில் (சி.எஸ்.ஐ.) ஆயர்கள், அதாவது பாஸ்டர்கள். ஆளுக்கு ஒரு சேகரம், அதாவது ஓர் ஆயரின் பொறுப்பில் உள்ள சபைகள். கடந்த 2025-ஆம் ஆண்டு அவர்களுக்கு வீட்டிலும் ஆலயத்திலும் எப்படிப் போனது என்று வாசகர்கள் கேட்டிருந்தார்கள். தேனிப் பக்கம் பணியாற்றும் அந்தப் பெண் ஆயர் பதில் சொல்கிறார்.

நீங்களும் உங்கள் கணவரும் வேறு வேறு சபைகளில் ஆயர்கள் என்றால், ஞாயிற்றுக்கிழமை குடும்பமாக ஆலயத்துக்குப் போவது உண்டா? பிள்ளைகள் யாருடன் போவார்கள்?
– ஒரு வாசகி, உசிலம்பட்டி

குடும்பமாகப் போவது இல்லை அம்மா. எங்களுக்குக் கல்யாணம் ஆகி இருபது வருஷம் ஆகிறது. நாங்கள் இருவரும் ஒரே பெஞ்சில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஆராதித்த ஞாயிறுகளை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

என் சபை ஊருக்குள் இருக்கிறது. அவருடைய சேகரத்தில் ஏழு கிராமச் சபைகள். தலைமைச் சபை எங்கள் வீட்டிலிருந்து 38 கிலோமீட்டர். நாங்கள் குடியிருப்பது என் சபையின் குருமனையில்தான், ஆயருக்குச் சபை கொடுக்கும் வீடு அது. பையனுக்குப் பள்ளிக்கூடம் பக்கம், என் மாமியாருக்கு ஆஸ்பத்திரி பக்கம் என்று பார்த்து அங்கே இருக்க முடிவெடுத்தோம். அவர் சனிக்கிழமை சாயங்காலம் பைக்கில் கிளம்பிப் போய் அங்குள்ள குருமனையில் படுத்துக்கொள்வார். ஞாயிறு காலை ஆறரைக்கு ஒரு கிராமம், எட்டரைக்கு இன்னொன்று, பத்தரைக்கு மூன்றாவது. மற்ற நான்கு சபைகளிலும் அன்று ஆயருக்கு உதவியாக இருக்கும் உபதேசியார்கள் ஆராதனை நடத்துவார்கள். அடுத்த வாரம் முறை மாறும். வீடு திரும்ப மாலை மூன்று மணி ஆகிவிடும். பிள்ளைகள் என்னோடு வருவார்கள். மாதத்தில் ஒரு ஞாயிறு பையன் அவருடன் போவான். அங்கே கிராமத்துப் பையன்களோடு கிணற்றில் குளிக்கலாம் என்பது அவனுக்குப் பெரிய விஷயம்.

நீங்கள் கேட்டதால் ஒரு ஞாயிறைச் சொல்கிறேன். மே மாதம் எங்கள் இருவருக்கும் மாறுதல் வந்தது. ஜூன் முதல் ஞாயிறன்று பழைய சபைகளில் பிரிவுபசாரம் முடிந்திருந்தது, புதிய இடங்களில் பொறுப்பேற்க இன்னும் இரண்டு நாள் இருந்தது. அன்று மதுரை நரிமேடு பேராலயத்துக்கு நாங்கள் ஐந்து பேரும் போனோம். அங்கி இல்லை, அதன்மேல் ஆயர்கள் தோளில் போடும் பட்டையான ஸ்டோல் இல்லை. நான் சாதாரணக் கைத்தறிச் சேலை, அவர் அரைக்கைச் சட்டை. பின்பக்கத்திலிருந்து நான்காவது பெஞ்ச். அன்று திருவிருந்து ஆராதனை, அப்பமும் திராட்சரசமும் பகிர்ந்துகொள்வது.

எங்கள் திருவிருந்து ஒழுங்கில் சமாதானம் கொடுப்பது என்று ஒரு பகுதி உண்டு. கேரளத்துச் சுரியானிச் சபைகளின் பழைய வழக்கத்திலிருந்து எடுத்து, 1950-இல் எங்கள் ஆராதனை முறையை எழுதியவர்கள் இதைச் சேர்த்தார்கள். மேசைக்கு அருகே நிற்பவர் கையிலிருந்து அது கிளம்பி, பெஞ்ச் பெஞ்சாகக் கடைசி ஆள்வரை வரும். உங்கள் இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவே அடுத்தவருடைய கையை ஏந்திக்கொள்ள வேண்டும். எத்தனையோ வருஷமாக அந்தச் சமாதானத்தை நான்தான் முதலில் கொடுத்து அனுப்பியிருக்கிறேன். அது கடைசிப் பெஞ்சுக்குப் போய்ச் சேரும்போது நான் அப்பத்தைக் கையில் எடுக்கத் தயாராகிக்கொண்டிருப்பேன். அன்றைக்கு அது என்னைத் தேடி வந்தது. யாரோ ஒரு பாட்டி என் மகளுக்குக் கொடுத்தார், மகள் எனக்குக் கொடுத்தாள், நான் திரும்பி அவருக்குக் கொடுத்தேன். அவர் கையில் வலது பெருவிரல் பக்கம் ஒரு காய்ப்பு இருக்கிறது, பைக் ஆக்ஸிலேட்டர் பிடித்துப் பிடித்து வந்தது. அதை நான் அன்றுதான் தொட்டுப் பார்த்தேன். அவர் தன் அம்மாவிடம் திரும்பினார். அத்தை அந்தக் கையை விடவே இல்லை. அடுத்த பாட்டு தொடங்கியபிறகும் பிடித்துக்கொண்டேதான் இருந்தார்.

என் மகள் +2 படிக்கிறாள். நானும் என் கணவரும் ஷிஃப்டில் வேலை பார்ப்பவர்கள். உங்கள் மகள் கடந்த மார்ச்சில் பொதுத்தேர்வு எழுதியதாக முன்பு ஒரு இதழில் எழுதியிருந்தீர்கள். இருவரும் ஊழியத்தில் ஓடும்போது எப்படிச் சமாளித்தீர்கள்?
– ஒரு தாய், ஓசூர்

நன்றாகச் சமாளித்தேன் என்று சொல்ல முடியவில்லை சகோதரி. நடந்ததைச் சொல்கிறேன், உங்களுக்கு உதவினால் சந்தோஷம்.

மார்ச் 3 அன்று தமிழ்ப் பரீட்சை. 6-ஆம் தேதி ஆங்கிலம். நடுவே 5-ஆம் தேதி சாம்பல் புதன். அன்றைக்கு இருவருக்கும் மாலை ஆராதனை. அதோடு ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலமான லெந்து காலம் தொடங்கிவிட்டால் எங்கள் பக்கம் தினமும் ஒரு வீட்டில் ஜெபக்கூட்டம் இருக்கும், நாற்பது நாளும். அந்தப் புதன் மாலை மகளுக்குக் காய்ச்சல். அவள் எனக்குப் போன் செய்யவில்லை. "அம்மா ஆராதனையில இருப்பாங்க" என்று அப்பத்தாவிடம் சொல்லிவிட்டுப் படுத்திருக்கிறாள். நான் ஒன்பதரைக்கு வீட்டுக்குள் நுழைந்தால் அத்தை ஈரத்துணியோடு அவள் தலைமாட்டில் உட்கார்ந்திருக்கிறார். மேசையில் ஆறிப்போன ஹார்லிக்ஸ். என்னைப் பார்த்து ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. "வந்துட்டியா, கை கழுவிட்டு வா, புள்ளைக்குக் கஞ்சி குடு" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அன்று இரவே நானும் அவரும் உட்கார்ந்து பேசினோம். பரீட்சை முடிகிற 25-ஆம் தேதிவரை, ஏழு மணிக்குள் இருவரில் ஒருவராவது வீட்டில் இருக்க வேண்டும். சமையலறையில் ஒரு மாதக் காலண்டரை ஜன்னல் கம்பியில் கட்டித் தொங்கவிட்டோம். நான் வெளியே போகும் நாள் சிவப்பு, அவர் போகும் நாள் நீலம். ஒரே கட்டத்தில் இரண்டு நிறமும் விழக் கூடாது. விழுந்தால் யாராவது ஒருவர் உபதேசியாரிடமோ பெண்கள் ஐக்கிய சங்கத்துச் செயலாளரிடமோ ஜெபக்கூட்டத்தை ஒப்படைக்க வேண்டும். ஒப்படைத்தோம். யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. ஒரு வீட்டில் சங்கச் செயலாளர் அக்காவே செய்தி கொடுத்தார். என்னைவிட நன்றாகப் பேசினார் என்று அந்த வீட்டுக்காரர்கள் சொன்னார்கள். நான் போகாவிட்டால் நடக்காது என்று இத்தனை வருஷம் நினைத்துக்கொண்டிருந்தது தவறு என்று தெரிந்தது.

அந்தக் காலண்டர் முறையை நாங்கள் பரீட்சைக்குப் பிறகும் விடவில்லை. இப்போது வீட்டில் பையன் மட்டும்தான் இருக்கிறான், எட்டாம் வகுப்பு. மகள் மே 8-இல் ரிசல்ட் வந்து மதுரை லேடி டோக் கல்லூரியில் சேர்ந்துவிட்டாள், ஹாஸ்டல். உங்கள் மகளிடம் ஒன்று மட்டும் சொல்லி வையுங்கள்: உடம்புக்கு முடியவில்லை என்றால் அம்மா எங்கே இருந்தாலும் போன் செய்யலாம் என்று. என் மகளுக்கு அதை நான் சொல்லாமல் விட்டுவிட்டேன்.

நான் இறையியல் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு மாணவி. என்னோடு படிக்கும் ஒருவரைத் திருமணம் செய்ய வீட்டில் பேசி முடித்திருக்கிறார்கள். "ஒரு வீட்டில் ஒரு ஆயர் போதும், நீ ஆயரம்மாவாக, ஆயர் மனைவியாக மட்டும் இரு" என்கிறார்கள் உறவினர்கள். என்ன செய்வது?
– ஒரு மாணவி, மதுரை

தங்கச்சி, ஆயர் அபிஷேகத்தை விட்டுக்கொடுக்காதே. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உனக்கு அழைப்பு இருக்கிறது என்று நம்பித்தானே நான்கு வருஷப் படிப்புக்கு வந்தாய்?

நானும் அவரும் மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில்தான் படித்தோம். அங்கே கல்லூரி வளாகத்தை விட்டு வெளியே போய், ஏழை மக்கள் குடியிருப்பில் தங்கிப் படிக்கும் ஏற்பாடு உண்டு. அந்த நாட்களில்தான் அவரை எனக்குத் தெரிய வந்தது. தெருக்குழாயில் தண்ணீர் பிடிக்க வரிசையில் நிற்பதில் அவர் வெட்கப்படவில்லை. குடம் தூக்குகிற ஆம்பிளை என்று அந்தத் தெருப் பெண்கள் சொல்வார்கள். பிறகு கல்யாணப் பேச்சு வந்தபோது நான் யோசித்தது அந்தக் குடத்தைத்தான்.

எங்கள் திருச்சபையில் பெண்கள் ஆயர்களாக அபிஷேகம் பெறத் தொடங்கியது 1970-களில். 2013-இல் நந்தியால் திருமண்டலத்துக்குப் புஷ்பலலிதா அம்மா பேராயராகவே வந்துவிட்டார்கள். அப்படியிருந்தும் சபைகளுக்குப் பழக்கம் வர நாளாகிறது. ஒரு முறை ஒரு கல்யாணத்துக்கு ஓலை வாசித்து, அதாவது ஆலயத்தில் கல்யாண அறிவிப்புச் சொல்லி, எல்லாம் முடிந்தபிறகு, மாப்பிள்ளை வீட்டார் என்னிடம் வந்தார்கள். "அம்மா, தப்பா நினைக்காதீங்க, தாலியை ஐயா எடுத்துக் குடுத்தா நல்லாருக்கும்" என்றார்கள். ஐயா என்றால் என் கணவர். அவர் அந்தச் சபைக்கு ஆயரே இல்லை! நான் அவர்களை உட்காரவைத்து, கோபப்படாமல் கேட்டேன்: உங்கள் பேத்திக்கு ஞானஸ்நானம் கொடுத்தது யார்? உங்கள் தகப்பனாரை அடக்கம் பண்ணியது யார்? இரண்டும் நான்தான். அவர்களே தலையைக் குனிந்துகொண்டு, "நீங்களே பண்ணுங்கம்மா" என்றார்கள். பண்ணினேன். அந்தப் பெண்ணின் முதல் குழந்தைக்கும் நான்தான் ஞானஸ்நானம் கொடுத்தேன்.

என் மாமியாரும் முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. கிராமத்துத் தொடக்கப்பள்ளியில் முப்பது வருஷம் டீச்சராக இருந்தவர். நான் முதல்முறை அங்கி போட்டு நின்றபோது என்னை ஏறெடுத்துப் பார்க்கவில்லை. மறுவாரம் சனிக்கிழமை ராத்திரி, என் ஸ்டோல் சுருங்கியிருக்கிறது என்று எடுத்துப் போய் இஸ்திரி போட்டு வைத்திருந்தார். அதிலிருந்து பதினெட்டு வருஷம் சனிக்கிழமை இஸ்திரி அவர் வேலை. எங்கள் இரண்டு பேருடையதும்.

ஆயரம்மா என்பது லேசான வேலை இல்லை என்பதையும் தெரிந்துகொள். பெண்கள் சங்கம், ஞாயிறு பள்ளி, வருகிறவர்களுக்கெல்லாம் காபி, எல்லாம் அவர் தலையில், சம்பளம் கிடையாது. நீ ஆயரானாலும் உன் கணவர் சபைக்கு நீ ஆயரம்மாதான். அவருடைய சேகரத்துப் பெண்கள் ஜூலை மாதம் என்னிடம் வருத்தப்பட்டார்கள்: "குருமனையில சாயங்காலம் வெளக்கே எரியலையேம்மா." அந்த வார்த்தை என்னைத் தொட்டுவிட்டது. அதனால் மாதம் ஒரு புதன்கிழமை பஸ் ஏறிப் போய் அங்கே ராத்திரி தங்குகிறேன். வாசலில் பாய் விரித்து உட்காருவோம், பேசுவோம், பிரசங்கம் ஒன்றும் கிடையாது. அவரும் என் சபையில் பண்டிகைக்குப் பந்தி பரிமாறுகிறார்.

கல்யாணத்துக்கு முன்னால் அந்தத் தம்பியிடம் ஒரு கேள்வி கேள். ஞாயிற்றுக்கிழமை காலை குழந்தைக்கு வயிற்றுப்போக்கு என்றால் யார் ஆராதனைக்கு ஆள் தேடுவது? "உன் சபையா என் சபையா, எது சின்னதோ அது" என்று சொன்னால் இன்னும் கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது. "முறை வைத்துக்கொள்வோம்" என்றால் துணிந்து சம்மதி.

எங்கள் சபை ஆயர் திங்கட்கிழமைகளில் வீட்டுக் கேட்டைப் பூட்டிவிடுகிறார். நான் கமிட்டி உறுப்பினர். ஆயர் வீட்டு வாசல் எந்நேரமும் திறந்திருக்க வேண்டியதில்லையா?
– ஒரு சபையார், விருதுநகர்

ஐயா, நானும் திங்கட்கிழமை காலை பத்திலிருந்து நான்குவரை பூட்டுகிறேன். கேட்டில் உபதேசியாருடைய போன் நம்பர் எழுதியிருக்கிறது. சாவு, ஆஸ்பத்திரி என்றால் எந்நேரமும் தட்டலாம் என்றும் எழுதியிருக்கிறது. அப்படித் தட்டியவர்களுக்கு நான் திறக்காமல் இருந்ததில்லை.

உங்களுக்கு ஞாயிறு விடுமுறை. எங்களுக்கு அன்றுதான் பெரிய வேலைநாள். அவரும் நானும் ஒரு வேளைச் சாப்பாட்டை எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிடக் கிடைப்பது திங்கட்கிழமை மட்டும்தான். இதற்கு மேல் ஒரு காரணமும் உண்டு. பையன் ஐந்தாம் வகுப்பு படிக்கும்போது, தன் ரூமில் வெளியாள் இருவர் உட்கார்ந்து கணக்கு எழுதுவதைப் பார்த்துவிட்டு, "இது நம்ம வீடா, சபை வீடாம்மா?" என்று கேட்டான். நான் சபை வீடு என்றுதான் சொல்ல வேண்டியிருந்தது. அதன்பிறகு தன் படங்களை அவன் சுவரில் ஒட்டவே இல்லை.

என் மாமியார் குருமனைச் சுவரில் ஆணி அடிக்க விடமாட்டார். "போறப்ப ஓட்டை தெரியும், அடுத்து வர்ற ஆயர் சங்கடப்படுவாரு" என்பார். எங்களோடு ஆறு குருமனைகளில் இருந்தார், ஒரு ஆணி அடிக்கவில்லை. போட்டோ எல்லாம் பீரோ மேல் சாய்த்துத்தான் இருக்கும். இந்த மே மாதம் சாமான் கட்டும்போது 62 அட்டைப்பெட்டி வந்தது. அதில் 23 பெட்டி புத்தகம். சுவரிலிருந்து கழற்ற ஒன்றும் இல்லை.

திங்கட்கிழமை ஆறு மணிநேரம் அந்தக் கேட் பூட்டியிருந்தால்தான் அது எங்கள் வீடு. தயவுசெய்து உங்கள் ஆயர் பக்கம் நில்லுங்கள். கமிட்டியில் வேறு யாராவது குறை சொன்னாலும் நீங்கள் எடுத்துச் சொல்லுங்கள்.

அறுப்பின் பண்டிகை ஏலத்தில் ஒரு பூசணிக்காய் ஆயிரக்கணக்கில் போவதைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது. இது காணிக்கையா, கௌரவப் போட்டியா?
– ஒரு வாசகர், நாசரேத்

ஏலம் எனக்குப் பிடிக்கும். வயல் விளைச்சலை ஆலயத்துக்குள் கொண்டுவந்து வைப்பதில் ஒரு அழகு இருக்கிறது. வாழைத்தார், கரும்புக்கட்டு, சேவல், உளுந்து, எல்லாம் மேசைமேல். எங்கள் சபையில் இந்த முறை நவம்பர் 9 அன்று வைத்தோம்.

ஆனால் கொடுத்தவர் பெயரையும் தொகையையும் மைக்கில் வாசிப்பதை நிறுத்திவிட்டேன். காரணம், கணவரை இழந்த ஒரு அம்மா. நூறு நாள் வேலைக்குப் போகிறவர். இரண்டு படி தட்டாம்பயறு கொண்டுவந்து, ஆலயப் பணியாளரான கோயில்பிள்ளை கையில் கொடுத்துவிட்டு, தன் பெயரை எழுத வேண்டாம் என்று பின்வாசல் வழியாகப் போய்விட்டார். ஐயாயிரம் கொடுத்தவர் பெயருக்குப் பக்கத்தில் தன் பெயர் வரக் கூடாது என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. அது எங்கள் குற்றம். இரண்டு பேர் இதில் என்மேல் வருத்தமாகத்தான் இருக்கிறார்கள். போய்ப் பேசியிருக்கிறேன், இன்னும் பேசுவேன்.

என் தாயார் இறந்து நான்கு மாதம் ஆகிறது. துக்க வீடுகளில் ஆறுதல் சொல்வதே உங்கள் பணி. உங்கள் வீட்டிலும் செப்டம்பரில் ஒரு மரணம் என்று கேள்விப்பட்டேன். சொல்லிப் பழகிய வார்த்தைகள் உங்களுக்கு உதவினவா?
– ஒரு வாசகர், திண்டுக்கல்

தம்பி, உங்கள் கடிதத்தை இரண்டு நாள் கையில் வைத்திருந்தேன்.

செப்டம்பர் 18, வியாழக்கிழமை விடியற்காலை அத்தை போய்ச் சேர்ந்தார். 81 வயது. மாலையில் பையனோடு கேரம் விளையாடியிருந்தார். நெஞ்சு அடைக்கிறது என்று நாலு மணிக்கு என்னை எழுப்பினார். கார் வருவதற்குள் என் மடியிலேயே முடிந்துவிட்டது. மாமாவுக்குப் பக்கத்தில்தான் தன்னை வைக்க வேண்டும் என்று எப்போதும் சொல்வார். 110 கிலோமீட்டர், அவர்கள் சொந்தக் கிராமத்துக்குக் கொண்டுபோனோம்.

அடக்க ஆராதனையை யார் நடத்துவது என்ற பேச்சு வந்தது. உறவுக்காரர்கள் எல்லாரும், "வீட்டுலயே ரெண்டு ஆயர் இருக்கீங்க" என்றார்கள். அவரும் நடத்துவதாகத்தான் இருந்தார். சர்வீஸ் புத்தகத்தை எடுத்துத் திறந்தார், கை நடுங்கியது. அந்தக் கிராமத்துச் சேகர ஆயர் சின்னப் பையன், அபிஷேகமாகி நான்கைந்து வருஷம்தான் இருக்கும். அவர் கிட்டே வந்து, "அண்ணே, இன்னைக்கு நீங்க மகன். உட்காருங்க" என்று சொல்லி, புத்தகத்தை மெதுவாக வாங்கிக்கொண்டார். நாங்கள் முதல் பெஞ்சில் உட்கார்ந்தோம். அந்த வருஷத்தில் நாங்கள் ஒரே பெஞ்சில் உட்கார்ந்த இரண்டாவது தடவை அது.

"என் பிதாவின் வீட்டில் அநேக வாசஸ்தலங்கள் உண்டு" என்று அந்தச் சேகர ஆயர் வாசித்தார். அதை நான் எத்தனை துக்க வீடுகளில் வாசித்திருப்பேன்! அன்றைக்குத்தான் அது என் காதில் விழுந்தது. ஆறு குருமனையில் ஒரு ஆணி அடிக்காமல் இருந்த மனுஷிக்கு, போய் இருக்க ஒரு வீடு. மண்ணை மண்ணுக்கு ஒப்புக்கொடுக்கும் வார்த்தைகளை வேறொருவர் சொல்லக் கேட்பது என்பது, அதை நாம் சொல்வதைப் போலவே இல்லை. வார்த்தைகள் உதவினவா என்றால், உதவின. அவற்றை என் வாயிலிருந்து நான் கேட்கவில்லை. அதனால்தான் உதவின என்று நினைக்கிறேன்.

ஆட்களும் உதவினார்கள். நாங்கள் ஊர் திரும்பிய அன்று ராத்திரி என் சபையில் ஒரு அக்கா தூக்குவாளியில் ரசம் சாதம் கொண்டுவந்தார். ஒன்றும் பேசவில்லை. சமையலறைக்குப் போய் மூன்று நாள் பாத்திரம் அத்தனையும் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போய்விட்டார். "ஆயரே அழலாமா?" என்று கேட்டவர்களும் இருந்தார்கள். அழலாம். இயேசுவே கண்ணீர் விட்டார் என்று யோவான் எழுதியிருக்கிறார். அதற்கு மேல் யாரிடம் அனுமதி கேட்க வேண்டும்?

நாங்கள் செய்த ஒரு தப்பைச் சொல்கிறேன், நீங்கள் செய்யாதீர்கள். மூன்றாம் நாள் ஞாயிறே இருவரும் பிரசங்கத்துக்குப் போய்விட்டோம். அதற்கு அடுத்த ஞாயிறு செப்டம்பர் 28, திருச்சபை உதயமான நாள் ஆராதனை. 1947 செப்டம்பர் 27-இல் சென்னை செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில் எங்கள் திருச்சபை உதயமானது. அதை ஒட்டி வரும் ஞாயிறு எங்களுக்குத் திருநாள். அவருடைய சபையில் ஆலயம் நிறைந்திருந்தது. நோயாளிகளுக்காக ஜெபிக்கும் பட்டியலை அவர் வாசித்துக்கொண்டே வந்தார். பழைய தாள். ஒன்பதாவது வரியில், "ஆயரின் தாயார், முழங்கால் வலி" என்று இருந்தது. யாரும் அடித்துவிட ஞாபகம் இல்லை. அவர் அந்த வரியில் நின்றுவிட்டார். குரல் வரவில்லை. இரண்டாவது பெஞ்சிலிருந்து ஒரு தாத்தா, ஆடு மேய்க்கிறவர், எழுந்து, பத்தாவது பெயரிலிருந்து ஜெபத்தைத் தொடர்ந்தாராம். அவருக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. வாராவாரம் கேட்டுக் கேட்டே பட்டியல் மனப்பாடம். கடைசிப் பெயர் முடிந்ததும், "எங்க ஆயருக்கும் ஆறுதல் குடும் சாமி" என்று சேர்த்துக்கொண்டாராம்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து இதைச் சொல்லிவிட்டு, அவர் சுத்தியலைத் தேடினார். அத்தை போட்டோவுக்காகக் கூடத்துச் சுவரில் ஒரு ஆணி அடித்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்து வரும் ஆயர் மன்னிக்கட்டும்.

நான்கு மாதம் என்பது கொஞ்ச நாள்தான் தம்பி. லீவு கிடைத்தால் எடுங்கள். உங்கள் ஆயரிடம் போய் உட்காருங்கள், அவர் பேசாவிட்டாலும் பரவாயில்லை.

கிறிஸ்துமஸ் அன்று உங்கள் வீட்டில் என்ன சமையல்?
– ஒரு வாசகி, கோவில்பட்டி

சமைக்கவில்லை. எனக்கு நாலரை மணி ஆராதனை. அவருக்கு நள்ளிரவில் ஒரு கிராமம், ஐந்து மணிக்கு ஒன்று, ஒன்பதுக்கு ஒன்று. அதற்கு முன் பத்து ராத்திரி கேரல் ரவுண்ட்ஸ். மதியம் இரண்டு மணிக்கு அவர் வந்து சேர்ந்தபோது, பக்கத்து வீட்டு பாய் வீட்டிலிருந்து வந்த பிரியாணியைப் பிரித்தோம். வீட்டில் துக்கம் என்பதால் நான் பலகாரம் ஒன்றும் செய்யவில்லை. தெரிந்துகொண்டு நான்கு வீட்டிலிருந்து முறுக்கும் அதிரசமும் வந்துவிட்டன. மகள் ஹாஸ்டலிலிருந்து வந்து நட்சத்திரம் மட்டும் கட்டினாள்.

நான் ஏழாம் வகுப்பு. உங்கள் வீட்டில் ராத்திரி ஜெபத்தை யார் நடத்துவீர்கள்? இரண்டு பேரும் ஆயர் என்பதால் கேட்கிறேன்.
– ஒரு மாணவன், சிவகாசி

நல்ல கேள்வி கண்ணா. இரண்டு ஆயர்களும் நடத்தியதே இல்லை. அப்பத்தாதான் நடத்துவார்.

அவரிடம் நாற்பது பக்க நோட்டு ஒன்று உண்டு. எங்களுடன் இருந்த ஆறு ஊர்களிலும் அவருக்குத் தெரிந்தவர்கள் பெயரெல்லாம் அதில் இருக்கும், டீச்சர் கையெழுத்தில், கோடு போட்டு. பெயருக்கு எதிரே ஒரு வார்த்தை: "குழந்தை", "கடன்", "கண் ஆபரேஷன்", "மகன் துபாய்". தினமும் ஒரு பக்கம். நாற்பது நாளில் முடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து. குழந்தை பிறந்துவிட்டால் சின்னதாக ஒரு டிக்.

செப்டம்பர் 17 ராத்திரி 26-ஆம் பக்கம் முடித்திருந்தார். அதன்பிறகு சில நாள் நோட்டை யாரும் தொடவில்லை. ஒருநாள் பையன் தானாகவே அதை எடுத்து வந்து 27-ஆம் பக்கத்தைத் திறந்தான். அவனுக்கு இப்போது குரல் உடைகிற வயசு, பாதிப் பெயர் கீச்சென்றும் பாதி கரகரவென்றும் வரும். யார் யாரென்று அவனுக்குத் தெரியாது, நாங்கள் சொல்லுவோம். இது உனக்கு மொட்டை போட்டப்ப தூக்கி வச்சிருந்த மாமா, இது மாங்காய் குடுக்கிற பாட்டி என்று.

போன வாரம் மறுபடி கடைசிப் பக்கம் வந்தது. இந்த ஊரில் வந்து அவர் சேர்த்த பெயர்கள், பதினொன்றுதான் இருந்தன. பக்கத்தில் மீதி இடம் காலியாக இருந்தது. பையன் பேனா எடுத்து, அந்த ரசம் சாதம் கொண்டுவந்த அக்கா பெயரை எழுதினான். எதிரே என்ன எழுதட்டும் என்று கேட்டான். அவருக்கு என்ன தேவை என்று எங்களுக்கே தெரியவில்லை. நாளைக்குப் போய்க் கேட்டுவிட்டு வா என்று சொன்னேன்.